ஏரி பார்க்கப் போனவள்

டெய்லரம்மாவுக்குப் பொய் வராது. அளவு கொடுக்க வருகிறவர்களிடம்கூட, "போன தடவையைவிட ரெண்டு இஞ்சு ஏறியிருக்கு, வாயைக் கொஞ்சம் கட்டுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லி நாலைந்து வாடிக்கையைத் தொலைத்தவள். அப்பேர்ப்பட்டவள்தான் டூர் கம்பெனிக்காரன் நீட்டிய படிவத்தில், 'பயணிக்கு நோய் ஏதும் உண்டா' என்ற கட்டத்தில், புருஷன் பேருக்கு நேரே 'இல்லை' என்று தயங்காமல் எழுதினாள்.

நோய் இருந்தது. இரண்டு வருஷமாகவே இருந்தது. அவர் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் ரீடராக முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவர். வீடு வீடாகப் போய்க் குனிந்து, மீட்டர் மூடியைத் திறந்து, எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவது. தெருவில் அவருக்குப் பேரே 'மீட்டர்' என்றுதான். அவ்வளவு எண்ணையும் தப்பில்லாமல் தலையில் வைத்திருந்த மனுஷன், ஒருநாள் குளித்துவிட்டு வந்து, துண்டைக் கையில் வைத்துக்கொண்டே, "இதை என்ன பண்ணணும்?" என்று கேட்டார். முதலில் அவள் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் துண்டை வாங்கி, அவர் தலையைத் தானே துவட்டிவிட்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் மலையிலிருந்து உருண்ட கல் மாதிரி. மகன் பேர் போயிற்று. கிழமை போயிற்று. கால் மட்டும் மறக்கவில்லை. கதவு திறந்திருந்தால் போதும், நடக்கத் தொடங்கிவிடுவார். அவள் வாசல் கதவை உள்ளே பூட்டி, சாவியைக் கழுத்துச் செயினில் கோத்துக்கொண்டு, ஒரு கண் ஊசியிலும் ஒரு கண் அவர் மேலுமாகத் தைத்தாள். அவள் தையலில் கோணல் விழ ஆரம்பித்தது அப்போதுதான். குளிக்கும்போதும் கதவைச் சாத்தாமல் குளித்தாள். இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் காது சும்மா இருந்ததில்லை. எந்த வேலையில் இருந்தாலும் அது அவருடைய காலடிச் சத்தத்தைப் பின்தொடர்ந்துகொண்டே இருந்தது.

ஏரி பார்க்கிற ஆசை பழைய ஆசை. தையல் மிஷினுக்கு எதிரே மாட்டியிருந்த காலண்டரில் அந்தப் படம் வந்தது: மலைக்கு நடுவே ஏரி, ஏரிக்கு நடுவே வெள்ளையாக ஓர் அரண்மனை, கரையிலே பழைய கோட்டை ஊர். வருஷம் முடிந்தும் அவள் காலண்டரைக் கழற்றவில்லை. "ரிட்டையர் ஆனதும் கூட்டிட்டுப் போறேன்" என்று அவர் சொல்லியிருந்தார். ரிட்டையர் ஆனார். ஆன மறு வருஷம் துண்டு விஷயம்.

"இன்னும் ஒரு வருஷம் போனா இவரைக் கூட்டிட்டுப் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போக முடியாது" என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. நாலு நாள் டூர். நாலு நாள்தானே. மகனிடம், "அப்பா இப்ப ரொம்பத் தேவலைடா, நேத்து பூரா பேப்பர் படிச்சார்" என்றாள். படித்தது உண்மை. ஒரே பக்கத்தைக் காலையிலிருந்து மத்தியானம் வரை படித்தார்.

*

மூன்றாம் நாள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அன்றைக்குக் காலையிலேயே சகுனம் சரியில்லை. தங்கியிருந்த விடுதியில் அவர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அவருடைய எல்லாச் சட்டையிலும் காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூலில் அவள் தன் போன் நம்பரைத் தைத்து வைத்திருந்தாள். பெட்டியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சட்டை, மகன் வாங்கிக் கொடுத்த கடைச் சட்டை. அதில் நம்பர் இல்லை. பேனாவால் எழுதிவிடலாம் என்று பையைத் துழாவுவதற்குள் வெளியே விசில் கேட்டது.

விசில் ஊதுவதுதான் அவர்கள் வழிகாட்டியின் பாஷை. ஏறச் சொன்னாலும் விசில், இறங்கச் சொன்னாலும் விசில். பஸ்ஸில் இருந்த முப்பத்தெட்டுப் பேரும் அவனுக்கு 'விசில்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். எல்லார் தலையிலும் மஞ்சள் தொப்பி மாட்டிவிட்டு, "இந்த மஞ்சளை விட்டுப் பிரியாதீங்க, கூட்டத்துல காணாமப் போனா கம்பெனி பொறுப்பில்ல" என்றான். ஊருக்குள் இறங்கிப் பார்த்தால், அன்றைக்கு வந்திருந்த பஸ்களில் பாதிப் பேர் தலையில் மஞ்சள் தொப்பிதான். தொப்பி விற்றவன் பலே ஆள்.

கோட்டை அரண்மனையின் கீழ் முற்றத்தில் விசில் நின்று சொன்னான்: "மேல் மாடத்துக்கு நூத்திப் பத்து படி. அங்கருந்து பாத்தாத்தான் ஏரி முழுசாத் தெரியும். முழங்கால் சரியில்லாதவங்க இங்கயே இருங்க."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் படியைப் பார்த்தாலே பயப்படுகிறவர். இறங்கும்போது அடுத்த படி எங்கே என்று தெரியாமல் நின்றுவிடுவார். முற்றத்து ஓரத்தில், நிழலில், ஒரு கல் பெஞ்சு இருந்தது. அவரை உட்கார வைத்தாள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து மடியில் வைத்தாள்.

"இங்கயே உக்காருங்க. நான் ஏரி பாத்துட்டுப் பத்து நிமிஷத்துல வந்துடுறேன். எழுந்திருக்கக் கூடாது. என்ன?"

"சரி" என்றார். குழந்தை மாதிரி இல்லை. பெரிய மனுஷன் மாதிரி, தெளிவாகச் சொன்னார்.

கீழே முழங்கால் வலியோடு ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருத்தியும் உட்கார்ந்திருந்தாள். "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்று கேட்பாள். டெய்லரம்மா சொல்லவில்லை.

மேலே போனாள். கடைசிப் படி ஏறி மாடத்துக்குள் நுழைந்ததும் காற்று வந்து முகத்தில் அறைந்தது. ஏரி அத்தனை பெரிதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. காலண்டரில் அது கைக்குட்டை அளவு. இங்கே, கண்ணை எங்கே திருப்பினாலும் தண்ணீர். தண்ணீருக்கு நடுவே வெள்ளை அரண்மனை மிதக்கிற மாதிரி இருந்தது. படகுகள் சத்தமில்லாமல் ஊர்ந்தன. கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிப் போயிற்று. அவள் சன்னல் திண்டில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். குளிர்ந்த கல்லில் உள்ளங்காலை வைத்தாள். அவள் கையை யாரும் பிடித்திருக்கவில்லை. அவள் காது எதையும் தேடவில்லை. பேச்சில்லாமல், கணக்கில்லாமல், பயமில்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதையே மறந்துபோயிருந்தாள்.

எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. பத்து நிமிஷம் ஆனதைப் பார்த்தாள். இருபது ஆனதையும் பார்த்தாள். இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம் என்று, மிட்டாய்க்கு ஆசைப்பட்ட பிள்ளை டப்பாவில் கையை விடுகிற மாதிரி, முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிட்டுத்தான் எழுந்தாள்.

கீழே பெஞ்சில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. அவர் இல்லை.

*

முதலில் அவள் பதறவில்லை. பதறினால் உண்மையாகிவிடும் போல இருந்தது. முற்றத்தைச் சுற்றி வந்தாள். தண்ணீர்க் குழாயடியில் பார்த்தாள். ஆண்கள் கழிப்பறை வாசலில் நின்று, "என்னங்க" என்று குரல் கொடுத்தாள். பதில் வராததால் உள்ளேயே போய்விட்டாள். இரண்டு பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மூடியிருந்த கதவுகளைத் தட்டினாள்.

ஹெட்மிஸ்ட்ரஸிடம் ஓடினாள். "என் வீட்டுக்காரரைப் பாத்தீங்களா?"

"இங்கதானே உக்காந்திருந்தார்? ஒரு கூட்டம் வெளியே போச்சு. அவரும் எழுந்து போன மாதிரி இருந்தது. உங்களைத் தேடித்தான் போறார்னு நினைச்சேன்" என்றாள் ஹெட்மிஸ்ட்ரஸ். "ஏம்மா, பெரிய மனுஷர்தானே, வந்துடுவார்."

"வர மாட்டார்" என்றாள் டெய்லரம்மா. "அவருக்கு வரத் தெரியாது."

விசிலைப் பிடித்தபோது அவன் டிக்கெட் ஜன்னலில் யாருடனோ வாதாடிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "போன் போடுங்கம்மா அவருக்கு" என்றான்.

"போன் கிடையாது. கொடுத்தா ரிமோட்டுன்னு நினைச்சு டிவியைப் பாத்து அமுக்குவார்." அவள் ஒரே மூச்சில் சொன்னாள். "அவருக்கு ஞாபக மறதி வியாதி. ரெண்டு வருஷமா. ஃபாரத்துல நான் பொய் எழுதினேன். இந்த ஊர் பேரு தெரியாது. பஸ் நம்பர் தெரியாது. அவர் பேர் கேட்டாக்கூட சில சமயம் யோசிப்பார்."

விசில் வாயைத் திறந்தான், திட்டத்தான் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். "நாலு மணிக்கு பஸ் எடுக்கணும்மா" என்று மட்டும் முனகினான். மணி அப்போது ஒன்றரை.

விசில் போலீசுக்குப் போன் போட்டு அடையாளம் சொல்லி, தன் நம்பரைக் கொடுத்தான். ஒலிபெருக்கியில் அவர் பேரைச் சொன்னார்கள். முழுப் பேரையும், ஊரையும், வயதையும் சேர்த்து, மூன்று தடவை. கேட்டுக்கொண்டு நின்றபோது அவளுக்கு அழுகை முட்டியது. அந்தப் பேருக்கு அவர் திரும்பிப் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். காற்றைக் கூப்பிடுவதும் ஒன்று, அவரைக் கூப்பிடுவதும் ஒன்று.

விசில் பஸ் நிற்கிற பக்கம் போனான். அவள் ஊருக்குள் இறங்கினாள்.

கோட்டை வாசலுக்கு வெளியே பழைய சந்துகள். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். நீல வண்ணம் உரிந்த கதவுகள், கல் படிகள், மேலே மேலே தொங்கும் மின்கம்பிகள். ஒவ்வொரு சந்தும் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்தது மறுபடி பிரிந்தது. பொம்மைக் கடை, துணிக் கடை, போட்டோ சட்டக் கடை என்று ஏறி இறங்கினாள். "மஞ்சள் தொப்பி போட்ட ஒருத்தர், உயரமா, ஒல்லியா, கட்டம் போட்ட சட்டை." கடைக்காரர்கள் அவளையே ஒரு மாதிரி பார்த்தார்கள். "அம்மா, காலையிலருந்து ஆயிரம் மஞ்சள் தொப்பி போயிருக்கு" என்றான் ஒருவன்.

ஒரு சந்தின் முனையில், வாசல் படியைக் கழுவிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தை நிறுத்தினாள்.

"ஒருத்தர் வந்தார். நீங்க சொல்ற ஆளான்னு தெரியல. கேட்டைத் திறந்துட்டு உள்ள வந்தார். குனிஞ்சு தண்ணி மீட்டரைப் பாத்தார். நம்பரைச் சத்தமாப் படிச்சார். 'கசிவு இருக்கு, வாஷர் மாத்துங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். ஆபீஸ்ல புதுசா யாரோ அனுப்பியிருக்காங்கன்னு நினைச்சேன்."

"அவர்தான்!" டெய்லரம்மா அந்தப் பெண்ணின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்தப் பக்கம் போனார்?"

"வரிசையா அடுத்தடுத்த வீட்டுக்குத்தான் போனார். கீழ்ப்பக்கமா. அது ஆச்சும்மா, ஒரு மணி நேரம்."

அவள் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே இறங்கினாள். மூன்று வீட்டில் பார்த்திருந்தார்கள். ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். ஒரு வீட்டில் நாய் துரத்தியிருக்கிறது. நாலாவது வீடு பூட்டிக் கிடந்தது. அதற்கப்புறம் வீடே இல்லை. சந்து முடிந்து, அகலமான கல் படிக்கட்டு. படிக்கட்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது.

படித்துறையில் கூட்டம் கூடியிருந்தது.

படகுக்காரர்கள் இருவர் நீண்ட கழியில் கொக்கி மாட்டித் தண்ணீருக்குள் துழாவிக்கொண்டிருந்தார்கள். "என்னவோ மிதக்குது, துணி தெரியுது" என்றார் யாரோ. "காலையில இல்ல, இப்பத்தான்" என்றார் இன்னொருவர்.

அவள் படியில் அப்படியே நின்றாள். மேலே போகவும் முடியவில்லை, கீழே போகவும் முடியவில்லை. கொக்கி எதிலோ மாட்டி, கழி வளைந்தது. அந்த நேரத்தில்தான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. யாரோ காதில் சொன்ன மாதிரி, தெளிவாக, ஆறுதலாக வந்தது: முடிஞ்சா முடிஞ்சு போகட்டும்.

வந்த மறுகணமே அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், வெளியே சொல்லிவிட்டது போல. யாரும் திரும்பவில்லை. யாருக்கும் கேட்கவில்லை. கேட்டது அவளுக்கு மட்டும்தான். இனி செத்தாலும் அது கேட்டது கேட்டதுதான்.

கொக்கியில் வந்தது படகு மூடுகிற பழைய தார்ப்பாய். கூட்டம் சப்பென்று கலைந்தது. அவள் படியில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்து, விம்மி விம்மி அழுதாள். ஒரு படகுக்காரர் வந்து, "ஏம்மா, உங்க ஆள் யாராவதா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை.

*

நாலு மணிக்கு எடுக்க வேண்டிய பஸ், அவள் திரும்பி வந்தபோதும் எடுக்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் வாசல் படியில் நின்றுகொண்டு, "ஒரு மனுஷர் காணாமப் போயிருக்கார், உங்களுக்கு அடுத்த ஊர் ஓடியா போகுது?" என்று நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தை அடக்கிய குரலில் எல்லாரையும் அடக்கி வைத்திருந்தாள். நாலரைக்கு விசிலின் போன் அடித்தது. அவன் கேட்டான், முகம் மாறிற்று, கையை உயர்த்தி எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னான்.

விஷயம் இதுதான். வேறொரு கம்பெனி பஸ். அவர்களுக்கும் மஞ்சள் தொப்பி. படித்துறையைப் பார்த்துவிட்டுத் திரும்பி பஸ் ஏறும்போது தலை எண்ணியிருக்கிறார்கள். ஒரு தலை கூடுதலாக வந்திருக்கிறது. எண்ணினவன் தப்பாக எண்ணிவிட்டோம் என்று விட்டுவிட்டான். ஏரியைச் சுற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போன பிறகுதான், "நீங்க யாரு சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவரை அங்கே அணைக்கட்டுப் போலீஸ் காவல் சாவடியில் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

விசிலும் அவளும் ஆட்டோவில் போனார்கள். பதினாலு கிலோமீட்டர். வழி முழுக்க வலப்பக்கம் ஏரி கூடவே வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

காவல் சாவடி ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு பானை, சுவரில் தொங்கும் ஒரு சைக்கிள் டியூப். மேசைக்குப் பின்னால் ஏட்டம்மா. எதிரே பெஞ்சில் அவர். முதுகை நிமிர்த்தி, கையை முழங்காலில் வைத்து, தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பட்டன் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தது. செருப்பு ஒற்றைக் காலில் மட்டும் இருந்தது.

அவள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். "எங்கங்க போனீங்க? எங்க போனீங்க?"

அவர் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார். மரியாதையாக அவள் கையை எடுத்துவிட்டார்.

"ஐயா, இவங்க யாரு?" என்று கேட்டாள் ஏட்டம்மா.

அவர் டெய்லரம்மாவை உற்றுப் பார்த்தார். நினைவுபடுத்திக்கொள்ள முயன்றார், அது அவளுக்குத் தெரிந்தது. பிறகு சங்கடமாகச் சிரித்தார். "தெரியலையேம்மா. ஏழாம் நம்பர் வீடா?"

வீட்டிலும் அவ்வப்போது இப்படி நடந்ததுண்டு. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அப்புறம் தண்ணீர் தெளிகிற மாதிரி தெளிந்து, "என்னடி, பசிக்குது" என்பார். அவள் நின்றாள். இரண்டு நிமிஷம் போயிற்று. அஞ்சு நிமிஷம் போயிற்று. தெளியவில்லை.

அவருடைய அடையாள அட்டை அவள் பையில் இருந்தது. போனில் போட்டோக்கள் இருந்தன. ஏட்டம்மா பார்த்துவிட்டு, "சரிம்மா, சந்தேகமில்ல. ஆனா அவரா எழுந்து வரணும். நான் தூக்கி ஏத்த முடியாது" என்றாள். விசில் அவர் கையைப் பிடித்தான். அவர் பெஞ்சின் ஓரத்தை இறுகப் பற்றிக்கொண்டார்.

"நான் எங்கயும் வர மாட்டேன். என் வீட்டுக்காரி இங்கயே உக்காரச் சொல்லியிருக்கா. எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"எங்கய்யா போயிருக்காங்க அவங்க?" என்றாள் ஏட்டம்மா.

"ஏரி பாக்க." அவர் முகம் மலர்ந்தது. "ரொம்ப நாள் ஆசை அவளுக்கு. நல்லா பாத்துட்டு வரட்டும். பாவம், அவசரப்படுத்தக் கூடாது."

டெய்லரம்மா வெளியே போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, பெஞ்சின் மறு ஓரத்தில், முன்பின் தெரியாதவள் உட்காருகிற தூரத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுக்காரம்மாதான் என்னை அனுப்பினாங்க" என்றாள். "இருட்டப் போகுது, அவரை ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் உக்கார வைங்க, நான் வந்துடுறேன்னு சொன்னாங்க."

அவர் லேசில் மசிகிற ஆளில்லை. எத்தனை வீட்டில் எத்தனை சாக்கு கேட்டவர். "அவளா அனுப்பினா? என்ன சொல்லி அனுப்பினா? அப்படியே சொல்லுங்க."

அவள் யோசித்தாள். பிறகு, முப்பத்தைந்து வருஷமாகப் பேசிய அந்தக் குரலிலேயே சொன்னாள்: "'அந்த மனுஷனுக்கு ஒரு சட்டையை ஒழுங்காப் போடத் தெரியுதா? பட்டனை அவுத்துச் சரியாப் போடச் சொல்லு. ஊர்ல உள்ள மீட்டரையெல்லாம் பாப்பாரு, தன் வயித்தைத் தான் பாக்க மாட்டாரு'ன்னு சொன்னாங்க."

அவர் சத்தமாகச் சிரித்தார். தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அவதான்! அவளேதான்! அவ வாய் திட்டறது கோபமில்லம்மா, நிஜக் கோபம் பாத்திரத்துல இருக்கும். டம்ளர் வைக்கிற சத்தத்துலயே நான் கண்டுபிடிச்சுடுவேன்." எழுந்து, ஏட்டம்மாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது, இடிக்காமல் நகர்ந்து இடம் கொடுத்தார்.

*

அவர்களை மறுபடி பஸ்ஸில் ஏற்ற விசிலால் முடியவில்லை. ஆட்டோ கிளம்புவதற்குள்ளேயே கம்பெனியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. "என் கையில இல்லம்மா. நான் ஊதறவன், அவ்வளவுதான்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சாவடிக்கு எதிரிலேயே ஒரு சின்ன விடுதியில் அறை பிடித்துக் கொடுத்தான். பஸ் அந்த வழியாக வந்து பெட்டியை இறக்கிவிட்டுப் போயிற்று. ஜன்னலிலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் எட்டிப் பார்த்து, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது ஊசி மாதிரி இறங்கியது.

அறையில் அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, ரொட்டியும் பாலும் கொடுத்துவிட்டு, அவள் வாசற்படியில் நின்று மகனுக்குப் போன் போட்டாள். கண்ணை அவர் மேலேயே வைத்துக்கொண்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று கத்தினான் மகன். "தேவலைன்னு சொன்னியே!"

"சொன்னா நீ போக விட மாட்டேன்னுதான் சொல்லல."

"அப்படி என்னம்மா அந்த ஏரியில இருக்கு?"

"ஒண்ணுமில்லடா. தண்ணிதான்." அவள் குரல் உடைந்தது. "நான்தான் அவரை விட்டுட்டுப் போனேன். பத்து நிமிஷம்னு சொல்லிட்டு முக்கால் மணி நேரம். நேரம் தெரியாம இல்ல. எதிர்லயே கடிகாரம் இருந்தது. தெரிஞ்சேதான் உக்காந்திருந்தேன்."

படித்துறையில் நினைத்ததை மட்டும் அவள் சொல்லவில்லை. அதைச் சொல்ல உலகத்தில் ஆள் கிடையாது.

மகன் குரலைத் தணித்து, "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன். பயப்படாத" என்றான்.

"வந்துட்டு?"

"வந்துட்டுன்னா? கூட்டிட்டு வந்து வீட்ல விடறேன்."

"விட்டுட்டு நீ போயிடுவே. அப்புறம் நான் கதவைப் பூட்டிட்டு உக்காரணும்." அவள் நிலைக்கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "என்னால முடியலடா. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்ட சொல்றேன். என்னால முடியல."

"வரேம்மா. வந்து பேசலாம்" என்றான் மகன். போன் வைத்துவிட்டான். 'பேசலாம்' என்றால் என்ன என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் வேலை, வீடு, இரண்டு பிள்ளைகள். அவனைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் பாதிதான் விழுந்தது, திருகாணி கழன்றிருந்தது. அறையில் இருந்த மர நாற்காலியை இழுத்து வந்து கதவோடு ஒட்டிப் போட்டு, அதில் முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்தாள். கால் விண்விண்ணென்று தெறித்தது.

அவர் பாலைக் குடித்து முடித்து, டம்ளரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் சிரமம்" என்றார். "வீட்ல தேட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

அவர் தலையசைத்தார். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

"அவ வர நேரமாகுமோ?"

"ஆகும்போல இருக்கு" என்றாள் அவள்.